புழக்கடையான்: நம்மோடு வாழும் ஒரு குட்டி டைனோசரை முறையாகக் கற்பனை செய்வது எப்படி?

மீன் சந்தை அடைத்த பிறகு, கழிவுக் கூடைகளுக்கு நடுவே கோழியைவிடச் சற்றே பெரிய டைனோசர் ஒன்று பதுங்கி நடக்கிறது. உடல் முழுக்க இறகு, விறைப்பாக நீண்ட வால், கைகளுக்கு இடையே ஒரு மீன் தலை. இப்படி ஒரு படம் வரைவது எளிது. படத்தில் நிற்கும் விலங்கை மறுநாளும் உயிரோடு வைத்திருப்பதுதான் கடினம். நாளைக்கு அது எதைத் தின்னும்? முட்டையை எங்கே இடும்? தெருநாய் துரத்தினால் எங்கே ஒளியும்? எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி: காகம் இருக்கும் ஊரில் அதற்கு என்ன இடம்?

இத்தகைய கேள்விகளுக்கு உண்மையான உயிரியலை வைத்தே விடை தேடும் பயிற்சிக்குக் கற்பனை உயிரியல் என்று பெயர். கதை எழுதுபவர்களுக்கும் படம் வரைபவர்களுக்கும் விளையாட்டு வடிவமைப்பவர்களுக்கும் இது பயன்படுகிறது. பள்ளி மாணவர்களுக்குப் பரிணாமத்தைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. விதி மிக எளியது. நடக்காத ஒன்றை நடந்ததாக ஒரே ஒருமுறை வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு வரும் பல், குடல், கூடு, குரல் எல்லாம் இயற்கையில் ஏற்கெனவே நடந்தவற்றிலிருந்து எடுக்கப்பட வேண்டும்.

இந்த விதி வழுவினால் என்ன ஆகும் என்பதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. கனடாவைச் சேர்ந்த தொல்லுயிர் ஆய்வாளர் டேல் ரஸ்ஸல் 1982இல் ஒரு சிற்பியின் துணையோடு ‘டைனோசராய்ட்’ என்ற உருவத்தைப் படைத்தார். அழியாமல் இருந்திருந்தால், பெரிய மூளை கொண்ட டைனோசர் ஒன்று பிற்காலத்தில் என்னவாகியிருக்கும் என்பது அவருடைய கேள்வி. கேள்வி அருமையானது. விடையாக வந்ததோ வாலில்லாமல் நிமிர்ந்து நிற்கும், மனித வடிவிலான பச்சை உருவம். அறிவு வளர்ந்தால் உடலும் மனிதனைப் போல ஆகிவிடும் என்று எடுத்துக்கொண்டதே அதன் குறை. காகத்துக்கும் கிளிக்கும் நல்ல மூளை இருக்கிறது. அவை வாலையும் அலகையும் விட்டுவிடவில்லை.

காகத்தைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பறவைகள் டைனோசர்களே. இரண்டு காலில் நடந்த தெரோபாட் என்ற டைனோசர் பிரிவின் ஒரு கிளைதான் பறவையினம். அப்படிப் பார்த்தால், எச்சிலைப் பொறுக்கி மனிதனோடு வாழும் குட்டி டைனோசர் தினமும் நம் வீட்டு மதில்மேல் வந்து உட்காருகிறது. நாம் உருவாக்கப்போகும் விலங்கு அதன் போட்டியாளர். காகம் எடுத்துக்கொள்ளாத ஏதோ ஒன்றை அது எடுத்துக்கொண்டாக வேண்டும். என் விலங்குக்குப் புழக்கடையான் என்று பெயர் வைத்திருக்கிறேன். இந்தக் கட்டுரை முழுக்க அதை வைத்தே பார்ப்போம்.

அரியலூரில் கிடைத்த ஒரு பல்

கற்பனை விலங்குக்கும் மூதாதை வேண்டும். டைனோசர் என்றதும் அமெரிக்கப் பாலைவனங்களுக்கு ஓடத் தேவையில்லை. அரியலூர் மாவட்டத்தின் கல்லமேடு பகுதிப் பாறை அடுக்குகளிலிருந்து கிடைத்த ஒற்றைப் பல் ஒன்றைப் பற்றி 2013இல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அது ட்ரூடோன்டிட் என்ற குடும்பத்தைச் சேர்ந்த டைனோசரின் பல் என்று அந்தக் கட்டுரை அடையாளம் காட்டியது. அதுவரை அந்தக் குடும்பம் வடக்குக் கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. தெற்கே தனித் தீவாக மிதந்துகொண்டிருந்த இந்திய நிலத்திலும் அதன் உறவினர் வாழ்ந்ததற்கு அந்தப் பல்லே சாட்சி. அரியலூர் என்றால் ராட்சத எலும்புகளைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்தச் சின்னப் பல்தான் பெரிய செய்தி.

ட்ரூடோன்டிட்கள் நம் வேலைக்குப் பொருத்தமானவை. உடல் அளவோடு ஒப்பிட்டால் மூளை பெரியது, கண்களும் பெரியவை. காலின் இரண்டாம் விரலில் வளைந்த நகம் ஒன்று தரையில் படாமல் தூக்கியே இருக்கும். பற்களின் அமைப்பைப் பார்த்து, இவற்றில் சில இறைச்சியோடு தாவர உணவும் தின்றிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. சீனாவில் கிடைத்து 2004இல் பெயரிடப்பட்ட ‘மெய் லாங்’ என்ற ட்ரூடோன்டிட் அரை மீட்டர் நீளமே கொண்டது. காலை மடக்கி, தலையைக் கையடியில் செருகி, இன்றைய பறவை தூங்கும் அதே நிலையில் அது கல்லாகியிருக்கிறது.

இனி நம் ஒரே அனுமானம். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய மெக்சிகோவின் யுகடான் பகுதியில் விண்கல் மோதியது. பறவைகள் தவிர்த்த டைனோசர்கள் அத்தனையும் அழிந்தன. அந்தப் பேரழிவில் அரியலூர்ப் பல்லுக்கு உரிய குடும்பத்தின் ஒரு சிறு கிளை மட்டும் பிழைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். பிழைத்தவை எப்படிப்பட்டவை என்பதை உண்மை வரலாறே சொல்கிறது: சிறிய உடல், எதையும் தின்னும் வயிறு, காட்டு மரங்களை நம்பாத தரை வாழ்க்கை. காடுகள் கருகிய அந்தக் காலத்தைக் கடந்த பறவைகளும் பெரும்பாலும் தரையில் வாழ்ந்தவையே என்று அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன. தக்காணத்தின் எரிமலைக் குழம்பு அப்போது மேற்கையும் நடுப்பகுதியையும் மூடியது. இன்றைய தமிழகப் பகுதியை மூடவில்லை. ஆகவே நம் விலங்குக்கு ஒரு மூலை கிடைக்கிறது.

ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவோடு மோதியதும் கதை மாறுகிறது. வடக்கிலிருந்து பாலூட்டிகள் வருகின்றன. பிற்பாடு பூனை, நாய், கீரி இனங்களும் வந்து சேர்கின்றன. தீவில் சோம்பலாகப் பெருத்த கிளைகள் இருந்திருந்தால் இங்கே அழிந்திருக்கும். பறக்காத தீவுப் பறவைகளான டோடோவுக்கும் மோவாவுக்கும் மனிதன் வந்தபோது நேர்ந்தது அதுதான். எஞ்சுவது சிறியது, வேகமானது, எதையும் நம்பாதது. புழக்கடையானின் எடையை 2 கிலோ என்றும், வாலோடு சேர்த்து நீளத்தை ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்றும் வைத்திருக்கிறேன்.

பிணம் தின்று பிழைக்க முடியுமா?

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். செத்ததைத் தின்னும் விலங்கு என்று எழுதிவிடுகிறார்கள். செத்தது தினமும் கிடைக்குமா என்று கேட்பதில்லை.

நிலத்தில் வாழும் முதுகெலும்புள்ள விலங்குகளில், ஏறக்குறைய முழுவதும் பிணத்தை நம்பி வாழ்பவை பாறுக்கழுகுகள் மட்டுமே. கழுதைப்புலி, நரி, காகம் எல்லாம் செத்ததைத் தின்னும். வேட்டையாடவும் செய்யும், வேறு உணவும் தேடும். ஏன் இப்படி என்பதை 2004இல் இரண்டு பிரிட்டிஷ் உயிரியலாளர்கள் ஆற்றல் கணக்கு போட்டு விளக்கினார்கள். பிணம் எங்கே, எப்போது கிடைக்கும் என்பது தெரியாது. ஆகையால் மிகப் பரந்த நிலப்பரப்பை மிகக் குறைந்த செலவில் தேட வேண்டும். வெப்பக் காற்றில் இறக்கையை விரித்து மிதக்கும் பெரிய பறவைக்குத்தான் அது கட்டுப்படியாகிறது. நடந்து தேடும் விலங்குக்கு ஒவ்வோர் அடியும் செலவு. தேடலில் கரைந்த கொழுப்பை, கிடைத்த இறைச்சியால் ஈடுகட்ட முடியாமல் போகும்.

டைனோசர் காலத்தில் நிலைமை வேறாக இருந்திருக்கலாம். பல டன் எடையுள்ள உடல்கள் விழுந்துகிடந்த உலகம் அது. சீனாவின் உள் மங்கோலியாவில் கிடைத்த புரோட்டோசெராடாப்ஸ் என்ற தாவரந்தின்னி டைனோசரின் எலும்புகளில், வெலாசிராப்டர் என்ற சிறு வேட்டை டைனோசரைப் போன்ற ஒன்றின் பற்தடங்கள் உண்டு. இறைச்சி அதிகமில்லாத தாடைப் பகுதியில் அவை இருப்பதால், உடலின் பெரும்பகுதி தீர்ந்த பிறகு வந்து கடித்தவை என்று கருதுகிறார்கள். ஆனாலும் தெரோபாட்களில் பிணம் தின்பதால் அதிகம் ஆதாயம் பெற்றிருக்கக்கூடியவை நடுத்தர உடல் கொண்டவையே என்றுதான் கணக்கு காட்டுகிறது. குட்டி டைனோசர் ஒன்று பிணத்தைக் கண்டுபிடித்தாலும், பெரியது வந்ததும் விலகத்தான் வேண்டும்.

ஆகவே காட்டில் வாழும் புழக்கடையான் தூய பிணந்தின்னியாக இருக்க வழியில்லை. அது வண்டு, ஓணான், எலி, விழுந்த பழம், கரையான் என்று கலந்து தின்னும் விலங்கு. சிறுத்தை விட்டுப்போன எலும்பைக் கொத்துவது அதற்கு எப்போதாவது வாய்க்கும் விருந்து.

மனிதன் வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. குப்பைமேடு நகராது. இறைச்சிக் கடைக்குப் பின்புறம் தினமும் அதே நேரத்தில் கழிவு விழுகிறது. தேடும் செலவு ஏறத்தாழ இல்லாமலே போகிறது. பறக்க முடியாத சிறிய விலங்கு எச்சிலை நம்பி வாழ முதல்முறையாக வழி பிறக்கிறது. மனிதனை அண்டி வாழும் பெரும்பாலான உயிர்களுக்கும் அடிப்படை இந்த ஒன்றுதான்: நாம் உணவை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், தவறாமல் குவிக்கிறோம்.

இப்போது காகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நம் ஊர்க் காகத்தின் எடை சுமார் 300 கிராம். உடல் எடை கூடும் அளவுக்கு நேர்விகிதத்தில் ஆற்றல் தேவை கூடுவதில்லை. எடையின் முக்கால் அடுக்காக (0.75 அடுக்கு) உயர்கிறது. இதை உயிரியலில் கிளைபர் விதி என்பார்கள். 2 கிலோ எடையை 300 கிராமால் வகுத்தால் ஏழுக்குச் சற்றுக் குறைவு. அதன் முக்கால் அடுக்கு ஏறத்தாழ நான்கு. ஒரு புழக்கடையான் நான்கு காகங்களின் உணவைத் தின்றாக வேண்டும் என்று தோராயமாகச் சொல்லலாம். புழக்கடையானால் பறக்கவும் முடியாது. பகலில், திறந்தவெளியில் காகக் கூட்டத்தோடு போட்டியிட்டால் அது பட்டினிதான் கிடக்கும்.

அதன் பெரிய கண்கள் இங்கே உதவுகின்றன. காகம் அடைந்த பிறகு இது கிளம்புகிறது. இரவில் காகம் இல்லை என்றாலும் எலி, பெருச்சாளி, மரநாய், தெருநாய் இருக்கின்றன. எலியும் பெருச்சாளியும் அதற்குப் போட்டி என்பதோடு உணவும் ஆகும். தூக்கிய நகம் அதற்குத்தான். நாய் வந்தால் சந்துக்குள் நுழையும், ஓட்டுக் கூரையில் ஏறும். நாய்க்கு இல்லாத இன்னொன்று அதனிடம் இருக்கிறது: கைகள். மூடியைத் தள்ளலாம், சாக்கின் வாயைப் பிரிக்கலாம். இரவு, இடுக்கு, கை இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் காகமும் இல்லை, நாயும் இல்லை. ஒரு விலங்கின் வாழ்விடப் பங்கு என்று உயிரியலாளர்கள் சொல்வது இப்படிப்பட்ட காலியிடத்தைத்தான்.

மனிதன் ஓரிடத்தில் தங்கியபோது

விலங்குகள் நம்மை அண்டத் தொடங்கியது வேளாண்மைக்குப் பிறகுதான் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். இஸ்ரேலின் வடக்கே ஐன் மல்லாஹா என்ற தொல்லிடத்தில் கிடைத்த எலிப் பற்கள் அதை மாற்றின. ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன், வேளாண்மை தோன்றும் முன்பே, நட்டூஃபியன் என்று அழைக்கப்படும் பண்டைய வேட்டைச் சமூக மக்கள் அங்கே நீண்டகாலம் தங்கத் தொடங்கினார்கள். மக்கள் ஓரிடத்தில் தங்கிய காலங்களில் வீட்டுச் சுண்டெலி பெருகியிருக்கிறது. அவர்கள் மீண்டும் அலைந்து திரிந்த காலங்களில் அது குறைந்து, காட்டுச் சுண்டெலி இனம் கூடியிருக்கிறது. உழவோ களஞ்சியமோ வரும்வரை சுண்டெலி காத்திருக்கவில்லை. மனிதன் நிலையாகத் தங்கியதே அதற்குப் போதுமாக இருந்தது.

தங்கிய மனிதனோடு தங்கிய விலங்கின் உடலும் மாறுகிறது. நாய்களுக்கு ஓநாய்களைவிட மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் படிகள் அதிகம் என்று 2013இல் கண்டார்கள். வீட்டுச் சிட்டுக்குருவியிலும் மாவுச்சத்துச் செரிமானத்தோடும் மண்டையோட்டின் வடிவத்தோடும் தொடர்புடைய மரபணு மாற்றங்கள் 2018இல் தெரியவந்தன. நம்மூரில் எச்சில் என்றால் பெரும்பகுதி சோறு. அரிசியைச் செரிக்கத் தெரியாத புழக்கடையான் இங்கே மெலிந்துவிடும். ஆகையால் அதன் காட்டு உறவினத்தைவிடக் குடல் சற்று நீளமாகவும், தாடை சற்றுத் தடித்ததாகவும், பற்களின் ரம்ப முனை மழுங்கியதாகவும் வைத்திருக்கிறேன்.

இந்த வாழ்க்கை முறையைப் பாடநூல்கள், ஒன்றுக்கு நன்மை, மற்றதற்கு நன்மையும் இல்லை தீமையும் இல்லை என்று வரையறுக்கும். நடைமுறையில் அந்தக் கோடு ஓரிடத்தில் நிற்காது. சுண்டெலி தானியத்தைத் தின்னும்போது நமக்கு இழப்பு. பாறு செத்த மாட்டைத் தின்னும்போது நமக்கு ஆதாயம். புழக்கடையான் எலி பிடிக்கிறது, கோழிக்குஞ்சையும் பிடிக்கிறது. இரண்டையும் அது செய்ய வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள். நன்மை மட்டும் செய்யும் கற்பனை விலங்கு செல்லப்பிராணியாகத்தான் முடியும்.

முட்டை எருக்குழியில்

என் கற்பனையைக் கிட்டத்தட்ட முடக்கிய சிக்கல் அடைகாக்கும் காலம். ட்ரூடோன்டிட் குடும்பத்துக்குப் பெயர் தந்த, வட அமெரிக்காவின் ட்ரூடான் என்ற டைனோசரின் முட்டைகள் பொரிக்க ஏறத்தாழ 74 நாட்கள் ஆகியிருக்கும் என்று கருவின் பற்களை வைத்துக் கணித்திருக்கிறார்கள். கோழிக்கு 21 நாட்கள் போதும். காகத்துக்கு 17 நாட்கள் அளவில் முடிந்துவிடும். நாயும் கீரியும் பாம்பும் உலவும் ஊரில், தரையில் இட்ட முட்டையை இரண்டரை மாதம் காப்பது எப்படி?

விடை ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அங்கே புதர்வான்கோழி என்று ஒரு பறவை. ஆண் பறவை இலைதழைகளைக் காலால் வாரி ஒரு மீட்டருக்கு மேல் உயரமான மேடு எழுப்பும். அது மக்கும்போது எழும் வெப்பத்தில் பெண் வந்து முட்டையிட்டுப் போகும். ஆண் மேட்டைக் கிளறியும் மூடியும் வெப்பத்தைச் சுமார் 33 முதல் 35 டிகிரிக்குள் வைத்திருக்கும். முட்டை பொரிய ஏறத்தாழ 50 நாட்கள் ஆகும். குஞ்சு தானே மேட்டைக் கிளறி வெளியே வந்து, தாய் தந்தையின் முகம் பார்க்காமலே ஓடிவிடும். இந்தப் பறவை இன்று பிரிஸ்பேன், சிட்னி நகரங்களின் வீட்டுத் தோட்டங்களில் தாராளமாக மேடு கட்டுகிறது.

ட்ரூடானும் முட்டைகளை மண்ணில் பாதி புதைத்து நிறுத்தியிருக்கிறது. தந்தைதான் அடைகாத்திருக்கும் என்று ஓர் ஆய்வு வாதிடுகிறது. இரண்டையும் சேர்த்தால் புழக்கடையானின் கூடு எங்கே என்று தெரிந்துவிடுகிறது: எருக்குழி. சாணமும் வைக்கோலும் அடுப்புச் சாம்பலும் கொட்டி மக்கவைக்கும் எருக்குழி ஒவ்வொரு வேளாண் வீட்டுக்குப் பின்னாலும் இருந்தது. ஆண்டு முழுக்க வெப்பம், தோண்ட எளிது, புழுவும் வண்டும் அங்கேயே கிடைக்கும். வீட்டு ஆட்கள் நடமாட்டத்தால் நரியும் கீரியும் அடிக்கடி நெருங்குவதில்லை. குஞ்சுகளும் பிறந்த நாளே ஓடுபவை. ஊட்டி வளர்க்கும் செலவு இல்லை.

இங்கே வந்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. சோற்றுக்காக அது நம்மிடம் வந்ததாக எண்ணித் தொடங்கினேன். வெப்பத்துக்காக வந்து சோற்றைக் கண்டுகொண்டது என்பதே பொருத்தமாகப்படுகிறது. காகமோ நாயோ எருக்குழியின் வெப்பத்தைப் பயன்படுத்துவதில்லை. அந்த இடம் உண்மையிலேயே காலியாகக் கிடக்கிறது. அது மட்டுமல்ல, எரு வயலுக்குப் போகும் பருவமும் இப்போது கதைக்குள் வந்துவிடுகிறது. கோடையில் எருவை வண்டியில் ஏற்றும்போது முட்டையிருந்தால் என்ன செய்வது என்று அந்த ஊருக்கு ஒரு வழக்கம் இருந்தே தீர வேண்டும்.

கை, நிறம், குரல்

தோற்றத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. இறகு கட்டாயம். 1996இல் சீனாவில் அறிவிக்கப்பட்ட சைனோசாரோப்டெரிக்ஸ் முதல், சிறு தெரோபாட்களின் இறகுச் சான்று தொடர்ந்து வந்திருக்கிறது. அந்த விலங்கின் வாலில் செம்பழுப்பும் வெண்மையும் மாறி மாறி வரும் பட்டைகள் இருந்ததை இறகின் நிறமித் துகள்களே 2010இல் காட்டிக்கொடுத்தன. இரவில் உலவும் புழக்கடையானுக்குச் சாம்பலும் மண்ணிறமும் கலந்த முதுகு ஏற்றது.

கைகளில் பலரும் தவறுகிறார்கள். தெரோபாட்டின் உள்ளங்கை தரையைப் பார்க்காது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்திருக்கும். மேசைமேல் கைவைப்பதுபோல் அதனால் வைக்க முடியாது. பொருளை இருபுறமும் அணைத்துத்தான் எடுக்கும். ஆகையால் மூடியைத் திருகித் திறக்கும் புழக்கடையானை வரையாதீர்கள். அது விளிம்பில் மூக்கைக் கொடுத்துத் தூக்கி, கைகளால் அணைத்து இழுக்கும்.

குரலும் அப்படியே. உறுமல் வேண்டாம். பறவைகளுக்கே உரிய சிரிங்ஸ் என்ற குரலுறுப்பு பறவையல்லாத டைனோசர்களுக்கு இருந்ததற்குச் சான்று இல்லை. வாயை மூடிக்கொண்டு தொண்டையை உப்பி எழுப்பும் தாழ்ந்த ஒலி புறாவிலும் தீக்கோழியிலும் முதலையிலும் உண்டு. இரவில் எருக்குழிப் பக்கம் கேட்கும் அடித்தொண்டை முனகல் அதற்குப் பொருந்தும்.

இன்னொன்றை மறக்க வேண்டாம். சீனாவின் ஆங்கியோர்னிஸ் என்ற குட்டி டைனோசர், செரிக்காத பல்லி எலும்பையும் மீன் செதிளையும் ஆந்தையைப் போல உருண்டையாகக் கக்கியது புதைபடிவங்களில் தெரிகிறது. புழக்கடையானும் கக்கும். பழைய காலத்து உருண்டையில் எலி மயிரும் மீன் முள்ளும் இருக்கும். இன்றைய உருண்டையைப் பிரித்தால் பால் பாக்கெட்டின் மூலையும் ரப்பர் வளையமும் கிடைக்கும். கக்கத் தெரிந்ததால் சில மாடுகளுக்கு நேரும் பிளாஸ்டிக் அடைப்பிலிருந்து அது ஓரளவு தப்பலாம்.

பயமும் துணிச்சலும்

மனிதனுக்கு மிக அருகில் வாழும் விலங்கு, மனிதனைக் கண்டு அளவோடு பயப்பட வேண்டும். அதிகம் பயந்தால் பட்டினி, குறைவாகப் பயந்தால் அடி. இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், தின்பண்டத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆள் தங்களையே உற்றுப் பார்த்தபோது கடற்காகங்கள் நெருங்கச் சராசரியாக 21 நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டன. பார்வை போகும் திசையைக்கூட அவை கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. சியாட்டில் நகரில் 2006 முதல் நடந்த சோதனையில், முகமூடி அணிந்தவர்கள் சில காகங்களைப் பிடித்து, பிறகு விடுவித்தார்கள். அந்த முகமூடியைக் கண்டாலே காகங்கள் ஆண்டுக்கணக்கில் கரைந்து விரட்டின. பிடிபடாத காகங்களும் அதைக் கற்றுக்கொண்டு சேர்ந்துகொண்டன.

கற்றல் எப்படிப் பரவுகிறது என்பதற்குச் சிட்னியைவிட நல்ல இடம் இல்லை. அங்கே கொண்டைக் கிளிகள் வீட்டுக் குப்பைத் தொட்டியின் கனமான மூடியை அலகால் தூக்கி, விளிம்பில் நடந்து, பின்னால் சாய்த்துத் திறக்கின்றன. 2018க்கு முன் மூன்று புறநகர்களில் மட்டும் பதிவான இந்தப் பழக்கம், 2019 முடிவதற்குள் 44 புறநகர்களுக்குப் பரவியிருந்தது. தூரத்து ஊர்களுக்குத் தாவாமல் பக்கத்து ஊர்களுக்கே முதலில் போயிருக்கிறது. பார்த்துக் கற்றதற்கு அதுவே அடையாளம். மூடிமேல் மக்கள் செங்கல் வைத்தார்கள். சில கிளிகள் செங்கல்லைத் தள்ளிவிட்டன. பிறகு மூடியின் கீலில் தடைகளைச் செருகினார்கள். இந்தப் போட்டி இன்னும் தொடர்கிறது.

புழக்கடையானுக்கும் இப்படி ஊருக்கு ஊர் வேறு தந்திரம் இருக்கலாம். ஒரு தெருவில் சாக்கின் அடியைக் கிழிக்கும். அடுத்த தெருவில் குப்பை வண்டியின் மணியொலிக்கு முன்பே வந்து காத்திருக்கும். இது அறிவாற்றலைக் காட்டும் மிக நேர்மையான வழி. ஆயுதம் பிடிக்கவோ பேசவோ அதற்குத் தேவையில்லை.

ஊர் அதை என்ன செய்யும்?

விலங்கை முடித்துவிட்டு மனிதர்களை மறந்துவிடுவது இன்னொரு பொதுவான குறை. அண்டி வாழும் உயிரின் விதியை நம்முடைய நம்பிக்கையும் நகராட்சியும் சேர்ந்தே எழுதுகின்றன. நாம் காகத்துக்குச் சோறு வைக்கிறோம். திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலில் மஞ்சள்முகப் பாறு இணை ஒன்றுக்கு நண்பகலில் பொங்கல் ஊட்டும் வழக்கம் 1990கள் வரை இருந்தது. பிறகு பறவைகள் வருவது நின்றுபோனது. எத்தியோப்பியாவின் ஹரார் நகரில் கழுதைப்புலிகள் இரவில் பழைய மதிலின் திறப்புகள் வழியே உள்ளே வந்து கழிவைத் தின்றுவிட்டுப் போகின்றன. ஊர் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. சான்சிபார் தீவுக்கோ 1890களில் குப்பையைத் தீர்க்க நம் ஊர்க் காகத்தைக் கொண்டுபோனார்கள். இன்று கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை முழுக்க அதை ஒழிக்கப் போராடுகிறார்கள். ஒரே பறவை, ஓரிடத்தில் முன்னோர், இன்னோரிடத்தில் பீடை.

துப்புரவுப் பணியாளராக ஒரு விலங்கு கிடைத்த மதிப்பும் நிலையானதல்ல. 19ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் பெருநாரைகள் கூரைகளில் வரிசையாக நின்று தெருக்கழிவைத் தின்றன. மாநகராட்சியின் சின்னத்திலும் இடம்பெற்றன. துப்புரவு முறை மாறியும் கூடுகட்டும் இடங்கள் அழிந்தும் அவை அந்த நகரைவிட்டே மறைந்தன. இன்று அவற்றின் பெரும்பகுதி அசாமில் வாழ்கிறது. குவாஹாத்தியின் குப்பைக்கிடங்கில் இரை தேடுகிறது. அசாமைச் சேர்ந்த உயிரியலாளர் பூர்ணிமா தேவி பர்மன் ஊர்ப் பெண்களைத் திரட்டிக் கூடு மரங்களைக் காத்திராவிட்டால் அங்கும் குறைந்திருக்கும்.

பாறுகளுக்கு நேர்ந்தது இன்னும் கொடியது. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் வலிநிவாரணி செத்த மாட்டின் வழியே பாறுகளின் சிறுநீரகத்தை அழித்தது 2004இல் உறுதியானது. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு நூற்றில் ஒன்றுகூட மிஞ்சாத அளவுக்குச் சரிந்தது. 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது. பாறு விட்டுப்போன பிணங்களில் தெருநாய் பெருகியது. புழக்கடையான் இருக்கும் உலகில் இந்தச் சரிவு அதற்கு என்ன செய்யும் என்று கட்டாயம் கேட்டாக வேண்டும். எல்லாப் பறவைகளையும் அந்த மருந்து ஒரே அளவில் கொல்வதில்லை. அமெரிக்க வான்கோழிக் கழுகு அதைத் தாங்கிக்கொள்கிறது. உங்கள் விலங்கு தாங்கும் என்று வைத்தால், பெருகிய நாய்களோடு அது மோத வேண்டும். தாங்காது என்று வைத்தால், எருக்குழிகள் வெறுமையான ஆண்டையும் நீங்கள் எழுத வேண்டும்.

எருக்குழியே குறைந்துவிட்டது என்பதும் உண்மை. மாடுகள் குறைந்து, உரமூட்டை வந்த பிறகு, பல வீடுகளில் அந்த இடம் சிமெண்ட் தளமாகிவிட்டது. புழக்கடையான் அடுத்து எங்கே போகும்? மக்கும் வெப்பம் மிச்சமிருக்கும் இடங்கள் நகரத்துக் குப்பைக்கிடங்குகள். சென்னையின் பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி இருப்பதால் நண்டும் மீனும் பக்கத்திலேயே கிடைக்கும். ஆனால் 2022 ஏப்ரலில் அங்கே பெருந்தீ பற்றி நாட்கணக்கில் எரிந்தது. குவிந்த பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலையும் நடக்கிறது. மீட்பு அவசியமான பணி. கற்பனையில்கூட அதை எதிர்க்க எனக்கு மனமில்லை. ஆண் விலங்குகள் மேட்டைக் காக்கும் நாட்களில் இயந்திரம் எந்தப் பக்கத்தைத் தோண்டுகிறது என்பதில்தான் கதை இருக்கிறது.

உங்கள் ஊரில் வைத்து இதை முயன்று பார்க்க விரும்பினால், விலங்கை வரைவதற்கு முன் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: இரவு பத்து மணிக்கு இறைச்சி, மீன் கழிவு எங்கே போகிறது, எந்தக் குவியல் தொட்டால் சுடுகிறது, நாய் நுழைய முடியாத சந்து எது. மூன்றும் அரைக் கிலோமீட்டருக்குள் அமைந்தால் அங்கே ஓர் இணையை விடலாம். அமையாவிட்டால் எடையை 2 கிலோவிலிருந்து ஒரு கிலோவாகக் குறைத்து, கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.